வலியவர் சுமக்கும் பாரம்: சமமற்ற இருவரின் செஸ் ஆட்டம்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எனச் சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே நீளும் பகுதியின் விளையாட்டு எது என்று கேட்டால், பலர் கேரம் என்று விடை சொல்வர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா வடசென்னையிலிருந்து சென்றவர். கேரத்தில் காய் விழும் வரை அடித்தவரே தொடர்ந்து அடிக்கலாம் என்பதால், தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் பிரேக் அடித்த அதே கையோடு ஒன்பது வெள்ளையையும் சிவப்பையும் பாக்கெட்டில் போட்டு முடித்துவிடுவதும், எதிரே அமர்ந்தவர் ஸ்ட்ரைக்கரை ஒருமுறைகூடத் தொடாமல் போர்டை இழப்பதும் நடக்கக்கூடியவையே. ஒயிட் ஸ்லாம் எனப்படும் அந்த நிகழ்வுக்குச் செஸ்ஸில் இடமே இல்லை. அங்கே ஒருவர் ஒரு காயை நகர்த்தினால் அடுத்த நகர்வு மற்றவருக்கு உரியது. உலகச் சாம்பியனுக்கு எதிரே ராயபுரத்துப் பள்ளிச் சிறுவன் அமர்ந்தாலும், சாம்பியன் நாற்பது முறை நகர்த்தினால் சிறுவனுக்கும் ஏறத்தாழ நாற்பது முறை வாய்ப்பு வந்துகொண்டேயிருக்கும்.

இந்த ஒரு விதியிலிருந்தே சமமற்ற ஆட்டத்தின் இயல்பு முழுவதும் கிளைக்கிறது. செஸ்ஸின் தொடக்க நிலை ஏறக்குறையச் சமமானது என்பதும், இரு தரப்பும் பெரும் பிழை செய்யாதவரை ஆட்டம் டிராவை, அதாவது வெற்றி தோல்வியற்ற முடிவை, நோக்கியே செல்லும் என்பதும் ஆட்டக்காரர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்துகள். அவ்வாறாயின் வலியவர் எவ்வளவு வலியவராக இருந்தாலும், எதிராளி பிழை செய்யாமல் அவரால் வெல்ல முடியாது; அந்தப் பிழை தானாக நேரும் வரை காத்திருக்கவோ, நேரும்படியான நிலைகளை உருவாக்கவோ வேண்டிய பொறுப்பு அவருடையதாகிறது. எளியவருக்கு டிராவே ஒரு சாதனை, வலியவருக்கோ அதே டிரா ஓர் இழப்பு. ஆகவே சமமற்ற இருவரின் ஆட்டத்தில் கூடுதல் பாரம் சுமப்பவர், வெளித்தோற்றத்துக்கு மாறாக, வலியவரே.

இடைவெளியை அளக்கும் எண்

இந்தப் பாரத்தை எண்ணாக மாற்றிக் காட்டுவது ரேட்டிங் எனப்படும் தரமதிப்பீடு. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராகப் பணியாற்றிய ஆர்பாட் எலோ வகுத்த இம்முறையை, உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-இல் ஏற்றுக்கொண்டது. இருவரின் ரேட்டிங் வேறுபாட்டிலிருந்து, அவர்கள் பலமுறை மோதினால் ஒவ்வொருவரும் சராசரியாக ஈட்டக்கூடிய புள்ளி கணிக்கப்படுகிறது; வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரைப் புள்ளி என்ற கணக்கில், 200 வேறுபாடு இருந்தால் வலியவர் நூறு ஆட்டத்துக்கு 76 புள்ளியும், 400 வேறுபாடு இருந்தால் 92 புள்ளியும் எடுப்பார் என்று ஃபிடேயின் அட்டவணை எதிர்பார்க்கிறது. 92 என்பது 92 வெற்றிகளைக் குறிக்க வேண்டியதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 88 வெற்றியும் எட்டு டிராவும் நான்கு தோல்வியும் சேர்ந்தாலும் கூட்டுத்தொகை அதுவே.

ஆட்டம் முடிந்ததும், எதிர்பார்த்த புள்ளிக்கும் உண்மையில் எடுத்த புள்ளிக்கும் உள்ள வேறுபாடு ஒரு பெருக்கெண்ணால் பெருக்கப்பட்டு ரேட்டிங்கில் கூட்டவோ கழிக்கவோ படுகிறது. அந்தப் பெருக்கெண், 18 வயது நிறையும் ஆண்டு வரை, 2300-க்குக் கீழே இருக்கும் இளையோருக்கு 40. முப்பது ஆட்டங்களைக் கடந்த, 2400-ஐத் தொடாத பெரியவர்களுக்கு 20. 2400-ஐ ஒருமுறை தொட்டவர்களுக்கு 10. இப்போது 1900 ரேட்டிங் கொண்ட பெரியவர் ஒருவரும் 1500 ரேட்டிங் கொண்ட சிறுமி ஒருத்தியும் மோதுவதாகக் கொள்வோம். பெரியவர் வென்றால் அவருக்குக் கிடைப்பது 1.6 புள்ளி மட்டுமே. டிரா ஆனால் அவர் 8.4 புள்ளியையும், தோற்றால் 18.4 புள்ளியையும் இழப்பார். சிறுமியோ தோற்றால் 3.2 புள்ளியை இழப்பாள். டிரா செய்தால் 16.8 புள்ளியும், வென்றால் 36.8 புள்ளியும் பெறுவாள். அதாவது பெரியவர் ஒரு டிராவில் விட்டதை மீட்க அதே தரத்து எதிராளிகளை ஆறு முறையும், ஒரு தோல்வியில் விட்டதை மீட்கப் பன்னிரண்டு முறையும் வென்றாக வேண்டும். பலகையில் காய்கள் சரிசமமாக அடுக்கப்பட்டிருக்கும்போதே, பணயத்தில் இத்தகைய சமமின்மை குடிகொண்டுவிடுகிறது.

முதல் சுற்றின் ஏற்பாடு

இத்தகைய ஆட்டம் அரிதான தற்செயல் நிகழ்வன்று. போட்டியின் அமைப்பே அதைத் திட்டமிட்டு உருவாக்குகிறது. பல நூறு பேர் கலந்துகொள்ளும் போட்டியில் ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் மோதுவது இயலாது என்பதால், 1895-இல் ஜூரிச் நகரில் முதலில் கையாளப்பட்டு, அதனால் சுவிஸ் முறை என்று பெயர்பெற்ற ஏற்பாடு பின்பற்றப்படுகிறது. இதில் யாரும் தோல்வியால் வெளியேற்றப்படுவதில்லை; ஒவ்வொரு சுற்றிலும் ஒத்த புள்ளி பெற்றவர்களே மோதுகின்றனர். முதல் சுற்றில் எவரிடமும் புள்ளி இல்லாமையால், அனைவரையும் ரேட்டிங் வரிசையில் நிறுத்தி, பட்டியலை நடுவே பிரித்து, மேல்பாதியின் முதல்வரைக் கீழ்ப்பாதியின் முதல்வரோடு மோதவிடுகின்றனர். இருநூறு பேர் கொண்ட போட்டியில் முதலாமவர் நூற்றியோராமவரையும், இரண்டாமவர் நூற்றியிரண்டாமவரையும் சந்திப்பர்.

2022 ஜூலை மாத இறுதியில் மாமல்லபுரத்தில் தொடங்கிய 44-ஆவது செஸ் ஒலிம்பியாட்டிலும் இதே முறைதான் கையாளப்பட்டது. ஓபன் பிரிவின் முதல் சுற்றில் இந்தியாவின் முதல் அணி ஜிம்பாப்வேயையும், இரண்டாம் அணி ஐக்கிய அரபு அமீரகத்தையும், மூன்றாம் அணி தெற்கு சூடானையும் 4–0 என்று வென்றன. முதல் சுற்று பெரும்பாலும் இப்படித்தான் முடியும். எதிர்பார்த்தது நடந்தேறும்போது அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மூன்றாம் சுற்றில் இத்தாலி நார்வேயை 3–1 என்று வீழ்த்தியபோதுதான் அரங்கம் பேசத் தொடங்கியது. நார்வேயின் முதல் பலகையில் ஆடிய, அப்போதைய உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன் அன்று டேனியல் வொகாட்டுரோவோடு டிராவில் முடித்தார்; இருவருக்கும் இடையே ஏறக்குறைய 250 புள்ளி வேறுபாடு இருந்ததால், தோற்காத அந்த ஆட்டமே சாம்பியனின் ரேட்டிங்கில் சுமார் மூன்று புள்ளியைக் கரைத்தது. எவரும் தொடாத 2900-ஐத் தொடுவதே தம் அடுத்த இலக்கு என்று கார்ல்சன் அறிவித்திருந்த காலம் அது. உச்சியில் இருப்பவருக்கு ஏறத்தாழ எல்லா எதிராளிகளும் எளியவர்களே என்பதால், ஒவ்வொரு டிராவும் அவரிடமிருந்து வரி பிடித்துக்கொண்டேயிருந்தது. 2014-இல் தாம் எட்டிய 2882-ஐ அவரே அதன்பின் தாண்டவில்லை.

கடைசி இடத்துக்காரரின் இரு வெற்றிகள்

தமிழ்நாட்டுச் செஸ் வரலாற்றில் சமமற்ற ஆட்டத்துக்கு மிகச் சிறந்த சான்று, ரேட்டிங் முறையை ஃபிடே ஏற்பதற்கும் எட்டு ஆண்டுகள் முந்தையது. பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவேல் ஆரோன், 1959-க்கும் 1981-க்கும் இடையே ஒன்பது முறை தேசியச் சாம்பியனானவர்; இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர், அதாவது கிராண்ட்மாஸ்டருக்கு அடுத்த படியிலுள்ள பட்டத்தைப் பெற்றவர். 1961-இல் ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்து வந்தவர்களை மண்டலத் தகுதிச் சுற்றுகளில் வென்ற அவருக்கு, 1962-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த இன்டர்சோனல் போட்டியில் இடம் கிடைத்தது. உலகச் சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் நெடிய ஏணியில் இன்டர்சோனல் நடுப்படி. அங்கே முதல் ஆறு இடங்களுக்குள் வருவோரே கேண்டிடேட்ஸ் என்னும் அடுத்த படிக்குச் செல்வர்.

இருபத்து மூன்று பேர் ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் மோதிய அந்தப் போட்டியில், ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் 17½ புள்ளியோடு முதலிடம் பெற்றார் பாபி ஃபிஷர். பெட்ரோசியன், கெல்லர், கோர்ச்னாய் எனச் சோவியத் ஒன்றியத்தின் பெருந்தலைகள் அடுத்தடுத்த இடங்களைப் பிடித்தனர். ஆரோன் கடைசி இடத்தில் முடித்தார். ஆயினும் அவர் ஈட்டிய சில புள்ளிகளுள் இரண்டு, ஹங்கேரியின் லாயோஷ் போர்ட்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் வொல்ஃப்காங் உல்மனையும் வென்று பெற்றவை. அவ்விருவரும் அன்றைய ஐரோப்பாவின் முன்னணி ஆட்டக்காரர்கள். இருவருமே அம்முறை கேண்டிடேட்ஸுக்குத் தகுதி பெறவில்லை. போர்ட்டிஷ் பின்னாளில் பலமுறை அந்தப் படியை எட்டியவர் என்பதை நினைத்தால், ஸ்டாக்ஹோமில் அவருக்கு அந்த ஒரு புள்ளி எவ்வளவு கனத்திருக்கும் என்பது விளங்கும்.

இத்தகைய போட்டியில் கடைசி இடத்தில் இருப்பவர் மற்றவர்களின் கணக்கில் முன்கூட்டியே ஒரு முழுப் புள்ளியாக எழுதப்பட்டுவிடுகிறார். ஃபிஷரோடு டிரா செய்தால் யாருக்கும் குறையில்லை; ஆரோனோடு டிரா செய்தால், மற்றவர்கள் எல்லாரும் எடுக்கப்போகும் புள்ளியில் அரையை இழந்ததாகிவிடும். எனவே அவரை வென்றே தீர வேண்டும் என்ற கட்டாயத்தோடு பலகைக்கு வருபவர், சமநிலையான இடத்திலும் சமநிலையை ஏற்க மறுத்து, தேவைக்கு மிஞ்சிய அபாயத்தை எடுக்கத் தூண்டப்படுகிறார். அவ்வாறு நீட்டப்படும் அபாயத்தைத் தண்டிக்கும் திறன் எதிராளியிடம் இருக்கிறதா என்பதே பின்பு முடிவைத் தீர்மானிக்கிறது. ஆசிய மண்டலத்தையே வென்று வந்த ஆரோனிடம் அத்திறன் இருந்தது. கடைசி இடம், வந்திருந்த இருபத்து மூவருக்குள் அவர் எங்கே நின்றார் என்பதை மட்டுமே சொல்லியது.

அதே ஆரோன் 1972-இல் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தின் ஆதரவோடு டால் செஸ் கிளப்பை உருவாக்கினார். விசுவநாதன் ஆனந்த் இளமையில் ஆடிப் பழகிய இடம் அது. தம்மைவிட வலியவர்களோடு வாரந்தோறும் மோதும் வாய்ப்பை இளையோருக்கு அளித்ததே அந்தக் கிளப்பின் பெரும் கொடை.

பாடியிலிருந்து ஒரு பதினாறு வயதுக்காரர்

ஸ்டாக்ஹோம் போட்டிக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2022 பிப்ரவரியில், இணையவழியில் நடந்த ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் விரைவுச் செஸ் போட்டியின் எட்டாம் சுற்றில், சென்னைப் பாடியில் வளர்ந்த ர. பிரக்ஞானந்தா கறுப்புக் காய்களோடு ஆடி 39 நகர்வுகளில் கார்ல்சனை வென்றார். விரைவுச் செஸ் என்பது ஒவ்வொருவருக்கும் பதினைந்து நிமிட அளவில் நேரம் தந்து, ஒவ்வொரு நகர்வுக்கும் சில விநாடிகளைக் கூட்டிக் கொடுக்கும் வடிவம். இருவருக்கும் இடையே ரேட்டிங் வேறுபாடு ஏறத்தாழ 250 என்பதால், எலோவின் கணக்குப்படி பிரக்ஞானந்தா எதிர்பார்க்கக்கூடியது நூறு ஆட்டத்துக்குச் சுமார் 19 புள்ளி. அதற்கு முந்தைய ஏழு சுற்றுகளில் அவர் நான்கில் தோற்றிருந்தார். கார்ல்சனும் கோவிட் தொற்றிலிருந்து அண்மையில் மீண்டவராக இருந்தார். போட்டியின் முடிவில் பிரக்ஞானந்தாவுக்கு அடுத்த கட்டத்துக்குச் செல்லும் எட்டு இடங்களுள் ஒன்று கிடைக்கவில்லை.

இவ்விவரங்களை நினைவூட்டுவது அந்த வெற்றியைச் சிறுமைப்படுத்துவதற்காக இல்லை. ஒற்றை ஆட்டம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை வரையறுப்பதற்காகவே. நூற்றுக்கு 19 என்ற கணிப்பு, அந்தப் பத்தொன்பது எந்நாளில் வரும் என்று சொல்வதில்லை. ஒரு நாள் வந்ததால் கணிப்பு பொய்த்ததாகவும் ஆகாது. ஆனால் அந்தக் கணிப்பே காலத்துக்குப் பின்தங்கியது என்பது பிற்பாடு தெரியவந்தது. 2023 ஆகஸ்டில் பாக்குவில் நடந்த உலகக் கோப்பையில் இறுதிச் சுற்று வரை சென்ற பிரக்ஞானந்தா, அங்கே அதே கார்ல்சனோடு இரண்டு நீண்ட ஆட்டங்களை டிரா செய்து, பின்னர் வந்த விரைவு ஆட்டங்களில்தான் தோற்றார். வளரும் ஆட்டக்காரரின் ரேட்டிங் அவருடைய நேற்றைய வலிமையைக் காட்டுகிறது. எதிரே அமர்ந்தவர் சந்திப்பதோ இன்றைய வலிமையை.

இந்தப் பின்தங்கல் வசதி குறைந்த பகுதிகளில் இன்னும் ஆழமானது. ரேட்டிங் உயர வேண்டுமானால் ஃபிடே பதிவு பெற்ற போட்டிகளில் அடிக்கடி ஆட வேண்டும். அதற்கு நுழைவுக் கட்டணம், பயணம், வெளியூரில் தங்கும் செலவு, உடன் செல்லும் பெற்றோரின் விடுப்பு ஆகிய அனைத்தும் வேண்டும். மீன்பிடித் துறைமுகத்திலும் சரக்கு முனையங்களிலும் எண்ணூரின் ஆலைகளிலும் நாட்கூலிக்கோ ஷிப்டுக்கோ உழைக்கும் குடும்பத்துப் பிள்ளை, ஆண்டுக்கு ஓரிரு போட்டிகளில் மட்டும் ஆடிவிட்டு, மீதி நாளெல்லாம் கைப்பேசியில் இணையவழி எதிராளிகளோடு மோதித் தேறுமானால், அதன் திறன் உயர்ந்துகொண்டே போக, அதன் எண் நின்ற இடத்திலேயே நிற்கும். முதல் சுற்றில் அத்தகைய 1500-ஐச் சந்திக்கும் 1900, உண்மையில் யாரைச் சந்திக்கிறார் என்பதை அட்டவணை அவருக்குச் சொல்வதில்லை.

இரு தரப்பின் பிழைகள்

எளியவர் செய்யும் பிழைகளுள் மிகப் பரவலானது, கிடைத்த காயையெல்லாம் வெட்டிச் சமன்செய்துகொண்டு டிராவை நோக்கி ஓடுவது. காய்கள் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்ற இந்த நம்பிக்கை பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடிகிறது. ஏனெனில் ராணிகள் நீங்கி, ஒரு யானையும் சில சிப்பாய்களும் மட்டும் எஞ்சும் இறுதிக்கட்டமே அனுபவமும் பயிற்சியும் மிகுதியாகப் பேசும் இடம். மேலும், வெட்டுவதற்காகவே வெட்டும்போது, நல்ல இடத்தில் நிற்கும் தம் குதிரையைக் கொடுத்து, மூலையில் முடங்கிக் கிடக்கும் எதிராளியின் பிஷப்பை அகற்றி அவருக்கே உதவுவதும் நேர்கிறது. மற்றொரு பிழை, எதிராளியின் ஒவ்வொரு நகர்வின் பின்னும் ஏதோ சூழ்ச்சி இருப்பதாக எண்ணி, இலவசமாகக் கிடைக்கும் சிப்பாயைக்கூட எடுக்க அஞ்சுவது. வலியவர்களும் கவனம் தவறுவர். அப்படித் தவறவிட்ட சிப்பாயை, கணக்கிட்டுச் சரிபார்த்தபின் எடுப்பதே முறை. மூன்றாவது, சிந்திக்க வேண்டிய இடத்தில் விரைவாகவும், விரைய வேண்டிய இடத்தில் நின்றும் ஆடி, செஸ் கடிகாரத்தில் நேரத்தைக் கரைத்துக்கொள்வது.

வலியவரின் பிழைகள் வேறு வகையின. எதிராளியின் எண்ணைப் பார்த்துவிட்டு, தமக்கே நம்பிக்கையில்லாத ஒரு பொறியை, எளியவர் விழுந்துவிடுவார் என்ற எண்ணத்தில் வைப்பது அவற்றுள் முதன்மையானது; விழாவிட்டால் கெடுவது பொறி வைத்தவரின் நிலைதான். அந்தப் பொறிக்குப் பின்னால் நிற்பது, டிராவைத் தவிர்க்க எவ்வளவு விலை தரலாம் என்ற கேள்வி; அது கணினிச் செஸ் நிரல்களையும் விட்டுவைக்கவில்லை. எதிராளி எளியவராயின் சமநிலையைச் சற்றுத் தாழ்வாக மதித்து ஆட்டத்தைச் சிக்கலாகவே வைத்திருக்குமாறு ஆணையிடும் ஓர் அளவை முன்னர் பல நிரல்களில் இருந்தது. அதைக் கூட்டினால் எளியவர்களுக்கு எதிராக டிராக்கள் குறையும், ஆனால் சமவலிமை உடையவரிடம் தோல்விகள் மிகும். மனிதரிடையே இதற்கு ஏற்கத்தக்க விடை கார்ல்சனின் ஆட்டப் போக்கிலேயே உள்ளது: அபாயத்தைத் தேடாமல், காய்களை அவசரமாக வெட்டாமல், சிறுசிறு சிக்கல்களை ஒன்றன்பின் ஒன்றாக முன்வைத்து, ஐந்தாவது மணி நேரத்திலும் எதிராளியைச் சரியான விடை தேடவைப்பது. ஒரு சிக்கலுக்கு 1500-உம் சரியான விடை கண்டுவிடக்கூடும். தொடர்ந்து இருபது சிக்கல்களுக்குக் காண்பது கடினம். வலிமை என்பது பெரும்பாலும் இந்தத் தொடர்ச்சியே.

வேலி போட்ட போட்டிகள்

அண்மைக் காலத்தில் இந்தியாவெங்கும், 1600-க்குக் கீழ், 1800-க்குக் கீழ், 2000-க்குக் கீழ் என ரேட்டிங் வரம்பிட்ட போட்டிகள் பெருகியுள்ளன. பரிசுத்தொகையைப் பலருக்கும் எட்டும்படி செய்வது, ஏறத்தாழச் சமமான எதிராளிகளை அமைத்துத் தருவது என அவற்றுக்கு நியாயங்கள் உண்டு. ஆனால் அவை ஒரு வேலியையும் போடுகின்றன: ரேட்டிங்கைக் காத்துக்கொள்ள விரும்பும் வலியவர் எளியவரைச் சந்திக்காமலே தப்பிக்கவும், எளியவர் தம் அளவிலுள்ளோரையே திரும்பத் திரும்பச் சந்தித்து அதே பிழைகளிலேயே நிலைகொள்ளவும் அவை இடம் தருகின்றன. பரிசை இலக்காகக் கொண்டோர் ரேட்டிங்கை வேண்டுமென்றே வரம்புக்குக் கீழே நிறுத்திவைக்கும் ஆசைக்கும் அவை வழி திறந்துவிடுகின்றன.

முதல் சுற்றின் ஜோடிப் பட்டியல் ஒட்டப்பட்டதும், பெரிய எண் ஒன்று தம் பிள்ளைக்கு எதிரே வந்துவிட்டதைக் கண்டு வருந்தும் பெற்றோர் கணக்கை மறுமுறை பார்க்கலாம். மேலே கண்ட 1500 ரேட்டிங் சிறுமிக்கு அத்தகைய தோல்வியின் விலை 3.2 புள்ளி. அதற்கு ஈடாகக் கிடைப்பவை, ஒவ்வொரு நகர்வுக்கும் தக்க பதில் பெறும் சில மணி நேரமும், ஆட்டம் முடிந்தபின் இருவரும் பலகையை மறுபடி அடுக்கி எங்கே பிசகியது என்று பேசிப்பார்க்கும் வழக்கமும். அந்தப் பேச்சில் 1900 தாம் அஞ்சிய இடம் எது என்று சொல்லக்கூடும். 1500 கவனிக்காமல் கடந்துபோன இடமாகவே அது பெரும்பாலும் இருக்கும். பயிற்சியாளருக்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்த இயலாத குடும்பத்துக்கு, ஓபன் போட்டியின் நுழைவுக் கட்டணமே இந்த வகுப்பையும் சேர்த்துத் தருகிறது. போட்டி நடத்துவோர் வரம்பிட்ட போட்டிகளை நடத்தட்டும். அவற்றோடு, வரம்பில்லாத போட்டிகளையும் வடசென்னைப் பள்ளி அரங்குகளில், எளிய குடும்பங்களுக்கு எட்டும் கட்டணத்தில் நடத்தினால், வலியவரும் எளியவரும் எதிரெதிரே அமர்வது நின்றுபோகாது.